மரத்தின் நல்ல பக்கம்

சிமிட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பாதான். அப்பா புகைப்படக்காரர். யாரைப் படம் எடுத்தாலும் அழகாக எடுத்துவிடுவார். பெற்ற மகளை மட்டும் அவரால் எடுக்க முடியாது. ‘கிளிக்’ என்ற சத்தம் வருவதற்குள் அவள் கண்ணைச் சிமிட்டிவிடுவாள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் எல்லாவற்றிலும் அவள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டின் முன்பக்கம் ஸ்டூடியோ. பின்பக்கம் குடித்தனம். அப்பா எடுக்கும் படங்களை அம்மா கணினியில் போட்டுச் சரிசெய்வார். அம்மாவின் கைபட்டால் முகப்பரு காணாமல் போகும். வழுக்கைத் தலையில் முடி முளைக்கும். ஒருமுறை ஒரு மாமாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே முடி முளைத்துவிட்டது. “இது யாரு படம்? எங்க வீட்டுக்காரர் படத்தைக் குடுங்க” என்று அவருடைய மனைவி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

ஸ்டூடியோவில் இன்னொரு ஆளும் உண்டு. அது ஒரு கிறிஸ்துமஸ் மரம்.

வெட்டிக்கொண்டு வந்த மரம் அல்ல. தொட்டியில் வேரோடு இருந்த மரம். அப்பாவின் தோள் உயரம். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாற்றுப்பண்ணைக்குப் போய், அத்தனை மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்து, சிமிட்டியே தேர்ந்தெடுத்தது.

பண்டிகை முடிந்ததும் விளக்கையும் நட்சத்திரத்தையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் மரத்தை விடவில்லை. “அந்த மரத்துப் பக்கத்துல நிக்க வச்சு எடுங்க” என்றார்கள். பிறந்தநாள் வந்தாலும் மரம், முதல் பல் விழுந்தாலும் மரம் என்று ஆகிவிட்டது.

அப்பா தரையில் நாடா ஒட்டி, தொட்டிக்கு ஓர் இடம் குறித்தார். மரத்தின் மிக அடர்த்தியான பக்கத்தைக் கேமராவுக்கு நேராகத் திருப்பினார்.

“இதுதான் மரத்தோட நல்ல பக்கம். இது எப்பவும் இப்படியே இருக்கணும். யாரும் அசைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

யாரும் அசைக்கவில்லை. சிமிட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். பள்ளியில் யாராவது அவளைச் சீண்டினால் அதனிடம்தான் வந்து புலம்புவாள். நாம் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கிற ஓர் ஆள் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அண்ணன் தம்பி அக்கா தங்கை யாரும் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவளுடைய அழிரப்பர் உருண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. சிமிட்டி தவழ்ந்து உள்ளே நுழைந்தாள்.

முழங்காலுக்கு அடியில் நொறுக் நொறுக் என்று சத்தம் கேட்டது. தரை முழுக்கக் காய்ந்த ஊசியிலைகள். நிமிர்ந்து பார்த்தாள். சுவரைப் பார்த்த பக்கத்தில் ஓர் இலைகூட இல்லை. வெறும் குச்சிகள்தான் நீட்டிக்கொண்டிருந்தன.

“அப்பா! மரத்துக்கு உடம்பு சரியில்ல! பின்பக்கம் மொட்டையா இருக்கு!”

அப்பா கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பின்பக்கத்த யாரு பாக்கப் போறா? கேமரா முன்பக்கத்தத்தான் பாக்கும்.”

“முன்பக்கமும் அங்கங்க பழுப்பா இருக்குப்பா.”

“பழுப்பா? போன வாரம் எடுத்த படத்தப் பாரு. பச்சைப் பசேல்னு நிக்குது. இதுக்கா உடம்பு சரியில்லங்கற?”

சிமிட்டி படத்தைப் பார்த்தாள். உண்மைதான். அதில் மரம் கொழுகொழுவென்று இருந்தது. அவளுக்கே குழப்பமாகிவிட்டது. கேட்டுவிடலாம் என்று மறுநாள் பள்ளி விட்டதும் அந்தப் படத்தோடு நாற்றுப்பண்ணைக்குப் போனாள்.

அங்கே மரம் விற்ற அக்கா குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார்.

“இதுக்கு என்ன பாப்பா? என் பண்ணையில இருக்கறதவிட நல்லாவே இருக்கு! எனக்கே திருப்பிக் குடுத்திடேன்.”

“இல்லக்கா, அடியில இந்தக் கிளை பழுப்பு. காலையிலகூடத் தொட்டுப் பாத்தேன்.” சிமிட்டி படத்தின் மேல் விரலை வைத்தாள். விரலுக்கு அடியில் கிளை பச்சையாக இருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றாள். சட்டென்று அவளுக்குப் பொறிதட்டியது.

“அக்கா, இந்தப் படம் பொய் சொல்லுது!”

படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

“அம்மா, நீங்க மரத்துக்கும் பச்சை பூசினீங்களா?”

கணினி முன்னால் இருந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். “அங்கங்க கொஞ்சம் பழுப்பாத் தெரிஞ்சுது. படம் அழகா இருக்கட்டுமேன்னு…”

“எவ்வளவு நாளா?”

“அது… ரொம்ப மாசமா” என்றார் அம்மா, மிக மெதுவாக.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. மரம் பழுப்பேறியது, அம்மா பச்சை பூசினார், அப்பா படத்தைப் பார்த்து மகிழ்ந்தார். எதிரே உயிரோடு நின்ற மரத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. படம் எடுக்கிற வீட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

மூவரும் மரத்தைச் சுற்றி நின்றார்கள். அப்பா ஒரு கிளையைத் தொட்டார். பொலபொலவென்று இலைகள் உதிர்ந்தன. அவர் முகம் வாடிவிட்டது.

“இது தேறாதுபோல இருக்கு” என்றார். “நாளைக்கு ஒரு பிளாஸ்டிக் மரம் வாங்கிடறேன். அதுக்குத் தண்ணி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“அப்ப இது?”

“குப்பை வண்டி வரும்போது குடுத்திட வேண்டியதுதான். வேற என்ன செய்ய?”

சிமிட்டி மரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அழுதுவிடக் கூடாது என்று நினைத்தாள். அழுகைக்குப் பதிலாக வீம்பு வந்துவிட்டது.

“நான் தேத்திக் காட்டறேன்! கிறிஸ்துமஸ் வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள நாலு பக்கமும் பச்சையா இருக்கும். இல்லன்னா குப்பை வண்டிக்கே குடுத்திடுங்க!”

“நாலு பக்கமும்?”

“நாலு பக்கமும்!”

“சரி, பாப்போம்” என்றார் அப்பா.

மறுநாளே பிளாஸ்டிக் மரம் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. சிமிட்டி முதலில் அதை முறைத்துப் பார்த்தாள். பிறகு யோசித்தாள். இது ஸ்டூடியோவில் நின்றால் அந்த மரத்துக்கு ஓய்வு கிடைக்குமே! அவளே பெட்டியைப் பிரித்து, அதை நிறுத்தவும் உதவி செய்தாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

நாற்றுப்பண்ணைக்கு அவள் மறுபடியும் போனாள். இந்த முறை படம் எடுத்துப் போகவில்லை. மரத்தின் ஒரு குச்சியை ஒடித்து மதிய உணவு டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள்.

அக்கா குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தார். தோலுக்கு அடியில் லேசாகப் பச்சை தெரிந்தது. “உயிர் இருக்கு” என்றார். “ஆனா இது வெளியில வளர்ற மரம் பாப்பா. நீங்க உள்ள பூட்டி வச்சிருக்கீங்க. காத்து வேணும், வெளிச்சம் வேணும். வெளிய கொண்டு போய் வை. எடுத்தவுடனே வெயில்ல வைக்காத, என்ன?”

‘உயிர் இருக்கு’ என்பதற்குப் பிறகு அக்கா சொன்னதையெல்லாம் சிமிட்டி பாதிக் காதில்தான் வாங்கினாள். அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்குப் பின்னால் சின்ன முற்றம் இருந்தது. தொட்டியை அங்கே தள்ளிக்கொண்டு போக, பழைய விளக்குத் தாங்கியின் சக்கரங்களைக் கழற்றி, அகலமான ஒரு பலகைக்கு அடியில் அப்பா பொருத்தித் தந்தார். படத்தில் அழகாகத் தெரிய வேண்டுமென்று தொட்டியை ஒரு பளபளப்பான தகர வாளிக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். அதிலிருந்து தூக்கியதும் மூவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வாளிக்குள் தண்ணீர் தேங்கி அழுகிப்போயிருந்தது.

“இவ்வளவு தண்ணி எப்படி வந்துச்சு?” என்றார் அப்பா. “நான் காலையில ஒரு சொம்புதானே ஊத்தறேன்?”

“நீங்களும் ஊத்தினீங்களா? நான் மத்தியானம் ஊத்தறேனே!” என்றார் அம்மா.

சிமிட்டி தலையைக் குனிந்துகொண்டாள். “நான் சாயந்தரம்…”

மரத்தின் பின்பக்கத்தில் கழற்ற மறந்துபோன விளக்குக் கம்பி ஒன்று கிளையை இறுக்கிக்கொண்டிருந்தது. போன பண்டிகைக்குப் பனி மாதிரி தெரிய அப்பா தெளித்த வெள்ளைப் பசை இலைகளில் இன்னும் ஒட்டியிருந்தது. சிமிட்டி கம்பியை அறுத்தாள். ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தாள். பிறகு மரத்தை முற்றத்தின் நடுவில், நல்ல வெயிலில் தள்ளி நிறுத்தினாள். இத்தனை மாதம் இருட்டில் கிடந்ததே, வயிறு நிறைய வெயிலைச் சாப்பிடட்டும்!

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், மிச்சம் இருந்த பச்சையிலும் நுனிகள் தீய்ந்துபோயிருந்தன.

சிமிட்டி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். “எடுத்தவுடனே வெயில்ல வைக்காதன்னு அந்த அக்கா சொன்னாங்கப்பா. நான்தான் காதுல வாங்கல.”

அப்பா பலகையைத் தள்ளி, மரத்தைச் சுவரோர நிழலில் நிறுத்தினார்.

“ஃபிலிம் கழுவின காலத்துல இருட்டறையில இருந்துட்டுச் சட்டுனு வெளிய வந்தா எனக்கே கண்ணு கூசும்” என்றார். “இதுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மெதுவாப் பழக்கு.”

அன்றிலிருந்து மெதுவாகத்தான் பழக்கினாள். முதலில் முழு நிழல். பிறகு காலை இளவெயில் கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தண்ணீர் ஊற்றும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரமாக இருந்தால் பேசாமல் வந்துவிடுவாள். காய்ந்திருந்தால், அடியில் வழியும்வரை ஊற்றுவாள். விடுமுறை வரும்போதெல்லாம் பலகையைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். எல்லாப் பக்கமும் வெயில் பட வேண்டுமே. தொட்டிக்குள் வேர்கள் சுருண்டு இடமில்லாமல் கிடந்ததால், மூவரும் சேர்ந்து அதைச் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றினார்கள். அம்மாவின் மூக்கு நுனியில்கூட மண்.

ரொம்ப நாளைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மரம் மரமாகவே நின்றது. சிமிட்டிக்குச் சில நாள் கோபம்கூட வந்தது. “ஏதாவது பண்ணேன்!” என்று அதைத் திட்டினாள்.

பிறகு ஒரு காலையில் கிளை நுனியில் இளம்பச்சையாக ஒரு மொட்டு. தொட்டால் பட்டுப்போல இருந்தது. அடுத்த வாரம் இன்னும் பல. சிமிட்டி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அப்பா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் அவர் முற்றத்தில் குனிந்து, அந்த மொட்டுகளை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்ததைச் சிமிட்டி பார்த்துவிட்டாள்.

“என்னப்பா பண்றீங்க?”

“நானா? மழை வருமான்னு பாத்தேன்” என்றார் அப்பா, அவசரமாக வானத்தைப் பார்த்து.

மரம் தேறிவிட்டது. மூன்று பக்கமும் தளதளவென்று ஆகிவிட்டது. ஆனால் நான்காவது பக்கம்? அந்த மொட்டைப் பக்கம் மொட்டையாகவே இருந்தது. காய்ந்த குச்சிகளை ஒடித்து எடுத்ததும், அடியிலிருந்து நடுவரை, கதவு திறந்து வைத்த மாதிரி ஒரு வெற்றிடம்.

அந்த வழியாகப் போன நாற்றுப்பண்ணை அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முழுசாக் காஞ்ச கட்டையில இந்த மரம் மறுபடி துளிர்க்காது பாப்பா. அதான் மத்த பக்கம் இவ்வளவு நல்லா இருக்கே! அத விடு.”

எப்படி விடுவது? ‘நாலு பக்கமும்’ என்று வீம்பாகச் சொன்னது யார்? சிமிட்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் மரம் விளக்குகளோடு மின்னியது. அப்பா முற்றத்துக்கு வந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மொட்டைப் பக்கம் வந்ததும் நின்றார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அம்மா முந்திக்கொண்டார். “அந்தப் பக்கத்தச் சுவரப் பாத்துத் திருப்பிட்டா யாருக்குத் தெரியப் போகுது? இல்லன்னா நான் கணினியில கொஞ்சம் பச்சை…”

“வேண்டாம்மா” என்றாள் சிமிட்டி. “அப்படிப் பண்ணிப் பண்ணித்தான் இதுக்கு இந்த நிலைமை. மூணு பக்கம்தான் வந்திருக்கு. நான் சொன்னது நாலு பக்கம்.” அவள் குரல் உடைந்தது. “நான்தான் சொன்னேன். குப்பை வண்டிக்கே குடுத்திடுங்கப்பா.”

அப்பா தலையைச் சொறிந்தார். “இன்னிக்கு வேலை நிறைய இருக்கு. வெளிய மழை வேற வர்ற மாதிரி இருக்கு. இது உள்ள ஓரமா நிக்கட்டும். சாயந்தரம் யோசிப்போம்.”

மரத்தைத் தள்ளிவந்து ஸ்டூடியோவின் மூலையில் நிறுத்தினார்கள். சிமிட்டி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

அன்று முதலில் வந்தவர் ஓர் அம்மா. கூடவே அவருடைய குட்டிப் பையன். காதுவரை ஏறிய காலரோடு விறைப்பான புதுச் சட்டை. பெரிய விளக்கைப் பார்த்ததுமே அவன் உதடு பிதுங்கியது. பிளாஸ்டிக் மரத்தின் பக்கத்தில் நிறுத்தினால், “குத்துது!” என்று அலறினான். அப்பா கிலுகிலுப்பை ஆட்டினார். பூனை மாதிரி கத்தினார். அழுகை இன்னும் கூடியது. தன் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினான். ஒரு நொடியில் ஆளைக் காணோம்.

“ஐயோ, எங்க போனான்?”

சிமிட்டிக்குத் தெரிந்தது. மூலையில் நின்ற மரத்துக்குப் பின்னால் நுழைந்து, பலகையில் ஏறி, அந்த மொட்டைப் பக்கத்தில் புகுந்துகொண்டிருந்தான். அடிமரத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். இரண்டு பக்கமும் கிளைகள் அவனை மூடியிருந்தன. அவன் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது அந்த இடம்.

“வெளிய வாடா!” என்று அவனுடைய அம்மா கையை நீட்டினார்.

“ஆன்ட்டி, அவனை இழுக்காதீங்க” என்றாள் சிமிட்டி. “பயப்படறான்.” பிறகு கிளைகளுக்கு நடுவே குனிந்து, “உள்ள நல்லா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

விசும்பல் நின்றது. “ம்” என்று பதில் வந்தது.

“வாசனையா இருக்குல்ல?”

“ம்.”

“கெட்டியாப் புடிச்சுக்கோ. மரம் சுத்தப் போகுது.”

சிமிட்டி பலகையை மெல்லத் தள்ளித் திருப்பினாள். சக்கரங்கள் உருண்டன. அப்பா பதறிப்போய், “ஏய், மொட்டைப் பக்கம் தெரியுது!” என்றார். சிமிட்டி நிறுத்தவில்லை. மரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

கிளைகளின் நடுவிலிருந்து ஈரக் கண்களோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. “இன்னொரு சுத்து!” என்று அது கிளுக்கென்று சிரித்தது.

கிளிக்.

அப்பா கேமராவின் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுல நான் கைவைக்க ஒண்ணுமே இல்லீங்க” என்றார்.

பையனின் அம்மாவும் எட்டிப் பார்த்தார். “அட! பிள்ளைங்க நிக்கறதுக்குன்னே இடம் விட்டு வளத்திருக்கீங்களே! யாரு வளத்தது?”

“என் பொண்ணுதான்” என்றார் அப்பா. அவர் வாயெல்லாம் பல்.

சிமிட்டி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. “அப்பா… குப்பை வண்டி?”

“எந்தக் குப்பை வண்டி?” என்றார் அப்பா. “முதல்ல அந்தப் பிளாஸ்டிக்க எடுத்துப் பெட்டியில போடு. இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது.”

சிமிட்டி மரத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த பையனும் அதில் மாட்டிக்கொண்டான்.

செய்தி எப்படித்தான் பரவியதோ! அந்த வாரம் முழுக்க ஸ்டூடியோவில் கூட்டம். எல்லாப் பிள்ளைகளும் மரத்துக்குள் நிற்க வேண்டும் என்றார்கள். தாடி வைத்த ஒரு பெரியவர்கூட நுழைந்து பார்த்து, பாதிதான் போக முடிந்ததால் அசடு வழிந்தபடி வெளியே வந்தார்.

ஒரு மதியம் இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஸ்டூடியோவில் மரத்தைக் காணவில்லை.

“எங்கங்க அந்த மரம்?” என்று கேட்டார்கள்.

அப்பா நாற்காலிகளை இழுத்துப் போட்டார். “கொஞ்சம் உக்காருங்க. உள்ளயே நின்னு நின்னு அதுக்குக் களைச்சுப் போச்சாம். எங்க பொண்ணு காத்து வாங்கக் கூட்டிட்டுப் போயிருக்கா. இப்ப வந்துடும்.”

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, வேறு வழியில்லாமல், மரம் வரும்வரை காத்திருந்தார்கள்.